கத்தாரும் கோஸ்டா ரிக்காவும்: ஒரு நாடு நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

திருப்பூர், பல்லடம், காங்கேயம் பக்கம் வெளிநாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அது சம்பளத்தில்தான் ஆரம்பிக்கும். "கத்தார்ல வருமான வரியே கிடையாதுங்க" என்பார் ஒருவர். "இருக்கட்டும்ங்க, அங்க அரசாங்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியுமா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் பேச்சு அதற்கு மேல் நகராது. ஒருவர் வாழ்க்கைத்தரத்தைப் பேசுகிறார், மற்றவர் ஆட்சி நடக்கிற முறையைப் பேசுகிறார். இரண்டும் தனித்தனி அளவுகள், ஒன்றைச் சொல்லி இன்னொன்றின் வாயை அடைக்க முடியாது.

இந்த இரண்டையும் எப்படி அளக்கிறார்கள், அந்த எண்கள் எங்கே நம்மை ஏமாற்றும் என்று முதல்முறை படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும், வெளிநாட்டு வேலைக்கு யோசிக்கிற குடும்பங்களுக்கும் உதவும். உதாரணத்துக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சின்ன நாடுகளை எடுத்துக்கொள்வோம்.

கத்தார் வளைகுடாவில் இருக்கிற பாலைவன நாடு. 1971-ல் பிரிட்டன் பிடியிலிருந்து விடுபட்டது, அதே வருடம் அதன் கடலுக்கடியில் உலகத்திலேயே பெரிய இயற்கை எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆள்வது அல் தானி குடும்பம். மக்கள்தொகை 30 லட்சம் சொச்சம், அதாவது 2011 கணக்கெடுப்பில் நம் கோவை மாவட்டத்தில் மட்டும் இருந்த 34 லட்சம் பேரைவிடக் குறைவு. கோஸ்டா ரிக்கா மத்திய அமெரிக்காவில் நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவில் இருக்கிறது. சுமார் 50 லட்சம் பேர். காப்பி, வாழை, அன்னாசி என்று விவசாயத்தில் வளர்ந்த நாடு, இப்போது மருத்துவக் கருவிகள்தான் அதன் முதல் ஏற்றுமதி. எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை, மன்னரும் இல்லை.

முதலில் வருமானம். ஒரு நாட்டில் ஒரு வருடத்தில் உற்பத்தியான பொருள், சேவை எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டி மக்கள்தொகையால் வகுத்தால் வருவதைத்தான் பொதுவாகத் தனிநபர் வருமானம் என்று பேசுகிறோம். இதை அப்படியே டாலரில் மாற்றி ஒப்பிட்டால் தப்பாகிவிடும், ஏனென்றால் விலைவாசி ஊருக்கு ஊர் வேறு. ஈரோட்டில் முடி வெட்டிக்கொள்கிற காசுக்குக் கத்தார் தலைநகர் தோகாவில் கடைக்குள் நுழையவே முடியாது. அதனால் 'வாங்கும் சக்தி' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அரிசி, வாடகை, பஸ் கட்டணம், பள்ளிக்கூடக் கட்டணம் என்று ஒரே மாதிரிப் பட்டியலை ஒவ்வொரு நாட்டிலும் விலை விசாரித்து, அதற்குத் தகுந்தபடி வருமானத்தைத் திருத்துவார்கள். அப்படித் திருத்திப் பார்த்தாலும் கத்தாரின் தனிநபர் எண் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேலே நிற்கிறது, கோஸ்டா ரிக்காவுடையது 30,000 டாலருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, கத்தார்க்காரர் கோஸ்டா ரிக்காக்காரரைவிட மூன்று நான்கு மடங்கு வசதி என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நிதானிக்க வேண்டும். ஒரு பனியன் கம்பெனியில் முதலாளிக்கு மாதம் 5 லட்சம் வருமானம், ஒன்பது தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 20,000 என்றால், பத்துப் பேருக்கும் சராசரி 68,000. அந்த 68,000-ஐ அங்கே ஒருவர்கூடக் கையில் வாங்குவதில்லை.

கத்தாரின் நிலைமை ஏறக்குறைய இதுதான். அந்த 30 லட்சத்தில் கத்தார் குடிமக்கள் பத்தில் ஒரு பங்குதான் இருப்பார்கள். மீதிப் பேர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பிலிப்பைன்ஸ், எகிப்து என்று வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். குடிமக்களுக்குப் படிப்பும் வைத்தியமும் இலவசம், அரசு வேலை கிடைக்கும், வீடு கட்ட நிலமும் கடனும் கிடைக்கும். வெளியிலிருந்து வந்தவர்களிலும் இன்ஜினியர், டாக்டர், வங்கி அதிகாரி என்று நன்றாகச் சம்பாதிப்பவர்கள் உண்டு. ஆனால் அடித்தட்டில் இருப்பவரின் கணக்கு என்ன என்று போட்டுப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் கத்தார் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச சம்பளம் கொண்டுவந்தது. மாதம் 1,000 ரியால், முதலாளி தங்க இடம் தராவிட்டால் கூடுதலாக 500, சாப்பாடு தராவிட்டால் 300. ஒரு டாலருக்கு 3.64 ரியால் என்று அவர்கள் நிலையாக வைத்திருக்கிறார்கள். படிகளெல்லாம் சேர்த்தே வருடத்துக்கு 21,600 ரியால், அதாவது சுமார் 5,900 டாலர். விலைவாசித் திருத்தம் எதுவும் இல்லாமல் பார்த்தால் கத்தாரின் தனிநபர் எண் 70,000 டாலருக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தொழிலாளிக்கு வரவில்லை, ஆனால் வகுக்கும்போது அவரையும் ஒரு தலையாக எண்ணித்தான் வகுக்கிறார்கள்.

கத்தாரைக் குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரில் வீடு கட்டியவர்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். 2018-ல் தோகாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அலுவலகம் திறந்தது, 2020-ல் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது, கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இதெல்லாம் உண்மையான முன்னேற்றம். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க முடியாது. விதி மீறினால் புகார் கொடுக்கலாம், பத்துப் பேர் கூடி வேலைநிறுத்தம் என்று உட்கார முடியாது.

திருப்பூர்க்காரர்கள் இங்கே நம் ஊரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்கள் இல்லாமல் நம் ஏற்றுமதிக் கணக்கு ஓடாது. மாவட்டத்தின் தனிநபர் வருமானம் இவ்வளவு என்று பெருமையாகச் சொல்லும்போது அந்தச் சராசரிக்குள் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வி நமக்கும் உண்டு. ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. அவர்கள் இந்தியக் குடிமக்கள், இங்கே குடியிருந்தால் இங்கேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். கத்தாரில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே 25 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அப்படியும் கிடைப்பது அபூர்வம்.

வருமான எண்ணில் இன்னொரு ஓட்டை: அதில் கூட்டல்தான் உண்டு, கழித்தல் கிடையாது. சாயப்பட்டறைகளின் உற்பத்தி வருடா வருடம் கணக்கில் ஏறியது. நொய்யல் கெட்டதும், ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், கீழே இருந்த கிணறுகளும் தென்னந்தோப்புகளும் நாசமானதும் அதே கணக்கில் எங்கேயும் கழிக்கப்படவில்லை. நாடுகளுக்கும் அப்படித்தான். கத்தாரின் தலைக்கணக்குக் கரியமில வாயு வெளியேற்றம் உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கோஸ்டா ரிக்காவிலும் காட்டை வெட்டித் தள்ளினார்கள், 1980-களில் நாட்டில் கால்பங்கு காடுதான் மிச்சம் என்கிற அளவுக்குப் போனது. பிறகு 1996-ல் காட்டுச் சட்டம் கொண்டுவந்து, எரிபொருள் வரியிலிருந்து பணம் எடுத்து, காட்டை வைத்திருக்கிற நில உரிமையாளர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பாதிக்கும் மேல் மறுபடி காடு. தனிநபர் வருமானத்தில் இந்த இரண்டு கதைகளுமே தெரியாது.

வருமானத்தை விட்டு ஆயுளுக்கு வருவோம். கத்தாரில் சராசரி ஆயுள் சுமார் 82, கோஸ்டா ரிக்காவில் சுமார் 81. மூன்று நான்கு மடங்கு வருமான வித்தியாசம் இங்கே வந்ததும் ஒரே ஒரு வருடமாகச் சுருங்கிவிட்டது! கோஸ்டா ரிக்காவின் ஆயுள் அமெரிக்காவைவிடவே அதிகம். (சராசரி ஆயுளையும் இறப்பு விகிதத்தையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ஆயிரம் பேருக்கு எத்தனை இறப்பு என்று பார்த்தால் கத்தார் உலகத்திலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இருபது முதல் ஐம்பது வயதுக்குள் வேலைக்கு வந்த ஆண்கள், வயதானதும் ஊர் திரும்பிவிடுகிறவர்கள் என்பதும் அதற்கு முக்கியக் காரணம்.)

கோஸ்டா ரிக்கா இதை எப்படிச் சாதித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1941-ல் கால்டெரோன் குவார்தியா என்ற அதிபர் சமூகப் பாதுகாப்பு நிதியம் ஒன்றை ஆரம்பித்தார். தொழிலாளி, முதலாளி, அரசு மூன்று தரப்பும் பணம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஏற்பாடு, நம் இ.எஸ்.ஐ. மாதிரி. மக்கள் அதைச் சுருக்கமாகக் 'காஹா' என்பார்கள். 1948-ல் தேர்தல் தகராறில் உள்நாட்டுப் போர் வந்தது. கால்டெரோன் தரப்பு தோற்றது, ஜெயித்தவர் ஹோசே ஃபிகெரெஸ். ஜெயித்தவர் தோற்றவரின் திட்டத்தைத் தூக்கி எறிவதுதான் வழக்கம். ஃபிகெரெஸ் எறியவில்லை, காஹாவை அப்படியே வைத்துக்கொண்டார். அவர் கலைத்தது ராணுவத்தை. அந்த வருடம் டிசம்பர் 1-ம் தேதி தலைநகர் சான் ஹோசேயில் பெய்யாவிஸ்தா ராணுவக் கோட்டையின் சுவரைச் சம்மட்டியால் அடித்து அதை அறிவித்தார். அந்தக் கட்டிடம் இன்று தேசிய அருங்காட்சியகம். ராணுவம் நிரந்தரமாக இருக்கக்கூடாது என்பது 1949 அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது.

ராணுவத்துக்குப் போகிற பணம் மிச்சமானதால்தான் ஆயுள் கூடியது என்று சொன்னால் அது பாதிக் கதை. இன்னொரு பாதி 1995-க்குப் பிறகு வந்தது. நாட்டையே சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒரு குழு என்று அமைத்தார்கள். ஒரு டாக்டர், ஒரு உதவிச் செவிலியர், வீடு வீடாகப் போகிற ஒரு பணியாளர். அந்தப் பணியாளர் எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, எந்தத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் என்று குறித்துக்கொண்டு வருவார், டாக்டர் அந்தக் குறிப்பை வைத்துப் பார்ப்பார். நம் கிராம சுகாதார செவிலியர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அறிந்தவர்களுக்கும் இது புதுசாகத் தெரியாது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருகிற வரைக்கும் காத்திருக்கக்கூடாது என்பதுதான் அடிப்படை. பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம். எனக்கு இந்த இரண்டு நாட்டு ஒப்பீட்டில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

வருமானம், ஆயுள், படிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதுதான் மனித மேம்பாட்டுக் குறியீடு. பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் துணையோடு உருவாக்கி 1990-ல் ஐ.நா. அறிக்கையில் முதலில் வெளியிட்டார். 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். இதில் ஒரு நல்ல விஷயம், வருமானம் ஏற ஏற அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மாதம் பத்தாயிரம் வாங்கும் குடும்பத்துக்கு இன்னொரு பத்தாயிரம் கிடைத்தால் வாழ்க்கையே மாறும், ஐந்து லட்சம் வாங்குபவருக்கு அதே பத்தாயிரம் வந்தது தெரியக்கூடத் தெரியாது, அந்த நியாயத்தைக் கணக்கிலேயே வைத்திருக்கிறார்கள். 2022-ம் ஆண்டுக் கணக்கில் கத்தார் 0.875, கோஸ்டா ரிக்கா 0.806, இந்தியா 0.644. 0.8-க்கு மேல் போனால் 'மிக உயர்ந்த' பிரிவு, இரண்டு நாடுகளும் அதில் இருக்கின்றன. ஆனால் இதுவும் சராசரிகளால் கட்டியதுதான், இதில் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு மார்க்கும் கிடையாது.

அப்புறம் ஆட்சி. இதை அளப்பது இன்னும் சிக்கல். உலக வங்கி ஆறு தனித்தனி அளவுகள் வைத்திருக்கிறது: மக்களின் குரலும் ஆட்சியாளர்கள் பதில் சொல்லும் கடமையும், அரசியல் அமைதி, அரசு இயந்திரத்தின் திறமை, விதிமுறைகளின் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு. ஆறையும் கூட்டி ஒரே மார்க்காக ஆக்கிவிடாமல் தனித்தனியாகவே பார்ப்பது நல்லது. ஒன்றில் நூறு வாங்குகிற நாடு இன்னொன்றில் தவறிவிடலாம், கூட்டினால் அது மறைந்துவிடும்.

திறமை என்பதற்குக் கத்தாரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2017 ஜூனில் சவுதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நான்கும் சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. கத்தாரின் ஒரே தரைவழி எல்லை சவுதியோடு. பாலும் தயிரும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன, கடைகளில் பால் அலமாரி காலியானது. சில வாரங்களிலேயே மாடுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கில், ஏசி வைத்த கொட்டகைகளில் கட்டினார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கொட்டகைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று சொல்லாமலே புரியும். முடிவெடுக்கிறவர் ஒருவர், பணமும் இருக்கிறது, வேலை நடந்துவிட்டது.

ஆனால் அந்த ஒருவரை யார் கேட்பது? கத்தாரில் அரசியல் கட்சிகள் கிடையாது. 2021 அக்டோபரில் ஆலோசனை சபையின் 45 இடங்களில் 30-க்கு முதல்முறையாகத் தேர்தல் வைத்தார்கள். 1930-க்கு முன்பே அங்கே குடியிருந்த குடும்பங்களின் வாரிசுகளுக்குத்தான் அதில் ஓட்டு, விடுபட்ட குடிமக்கள் போராடினார்கள். 2024 நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி அந்தத் தேர்தலையே எடுத்துவிட்டார்கள். இனி மறுபடி எல்லா உறுப்பினர்களும் அமீர், அதாவது நாட்டை ஆள்கிற மன்னர், நியமிப்பவர்கள்தான்.

கோஸ்டா ரிக்காவில் நேர் எதிர். 1949-லிருந்து தேர்தல் நிற்கவே இல்லை, அதிபர் தொடர்ந்து இரண்டாவது முறை நிற்க முடியாது. அதோடு அங்கே எல்லாமே இழுத்துக்கொண்டு போகும். தலைநகரிலிருந்து மேற்கே சான் ரமோனுக்குப் போகிற சாலையை அகலப்படுத்த ஒரு பிரேசில் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள், சுங்கக் கட்டணம் அநியாயம் என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2013-ல் அதிபர் லாரா சின்சியா ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். மக்கள் ஜெயித்தார்கள், சாலை வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் காத்திருந்த நமக்கு இந்த வலி தெரியும். 2019-ல் அடிக்கல், 2024 ஆகஸ்டில் தொடக்கம், அதற்கு முன்னால் எத்தனை மனு, எத்தனை உண்ணாவிரதம். தாமதத்துக்கு ஜனநாயகத்தைப் பழி சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, கேட்கிற உரிமையே இல்லாத ஊராக இருந்தால் வறண்ட மேட்டுப்பகுதிக் குளங்களுக்குத் தண்ணீர் விட யாருக்கு அவசியம் வந்திருக்கும்?

கோஸ்டா ரிக்காவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, 1989-ல் உச்ச நீதிமன்றத்துக்குள் அமைத்த அரசியலமைப்பு அமர்வு. உரிமை பறிபோனது என்று நினைக்கிற யாரும் அங்கே போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, வெளிநாட்டவரும் போகலாம், சின்னப் பிள்ளைகளே மனுப் போட்டிருக்கிறார்கள். 1997-ல் எச்.ஐ.வி. நோயாளிகள் மருந்து தரமாட்டேன் என்ற காஹாவின் மேல் வழக்குப் போட்டார்கள். மருந்து விலை அப்போது மிக அதிகம். கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது, அரசு கொடுத்தது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை இதோடு வைத்துப் பார்க்கலாம். பட்டறைத் தொழிலாளர்களுக்கு அது பெரிய அடி என்பதும் உண்மை, ஆனால் கேட்க ஒரு இடம் இருந்தது.

ஊழல் என்று வந்தால் ஒரு ஆச்சரியம். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் கண்காணிப்பு அமைப்பு தரும் மார்க்கில் (மார்க் கூடினால் ஊழல் குறைவு என்று அர்த்தம்) சமீப வருடங்களில் இரண்டு நாடுகளும் நூற்றுக்கு ஐம்பதுகளில்தான் இருக்கின்றன, கத்தார் ஒரு சிறு அளவு மேலே. நாடுகளின் அரசியல் உரிமைகளை அளக்கிற ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பின் சுதந்திர மார்க்கிலோ நூற்றுக்குக் கோஸ்டா ரிக்கா 91, கத்தார் 25. ஜனநாயகம் இருந்தால் ஊழல் இருக்காது என்பது நடக்கிற கதை அல்ல. காஹாவை ஆரம்பித்த கால்டெரோனின் மகனும் பின்னால் அதிபரானார். அதே காஹாவுக்கு மருத்துவக் கருவி வாங்கின விவகாரத்தில் ஊழல் செய்ததாக 2009-ல் அவருக்குத் தண்டனை விழுந்தது. முன்னாள் அதிபரைக் கூண்டில் ஏற்றிய நாட்டில் ஊழல் செய்தி அதிகம் வரும், எழுதவும் விசாரிக்கவும் வழியில்லாத நாட்டில் செய்தியே வராது. ஊழல் மார்க்கைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்டா ரிக்கா சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போதைப்பொருள் கடத்தல் பாதையில் அது மாட்டிக்கொண்டது, 2023-ல் 900-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, அந்நாட்டு வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. ராத்திரி பயமில்லாமல் நடக்கலாமா என்று கேட்டால் தோகாதான் பதில். காஹாவில் அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் வரிசை. பணக்காரர், ஏழை இடைவெளியும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் அங்கே மிக அதிகம். காப்பிப் பழம் பறிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நிகராகுவாவிலிருந்தும் பனாமாவிலிருந்தும் வருகிற ஏழைகள். தன் வேலைக்கு வெளியாளை நம்புகிற விஷயத்தில் அந்த நாடும் கத்தாரும், ஏன், திருப்பூரும் ஒரே வரிசையில் வருகின்றன.

யாராவது இரண்டு நாட்டை ஒப்பிட்டு ஒரு எண்ணை நீட்டினால் நான் பார்ப்பது இவைதான். அந்தச் சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள், அதில் கீழே இருப்பவருக்கு எவ்வளவு வருகிறது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவார், அநியாயம் நடந்தால் யாரிடம் போவார். எந்த வருடத்துக் கணக்கு என்பதையும் பார்த்துவிடுங்கள், கொரோனா வருடங்களின் ஆயுள் எண்ணை வைத்து ஒரு நாட்டை எடை போட்டால் தப்பாகிவிடும்.

வீட்டில் ஒரு பையன் கத்தாருக்குக் கிளம்புகிறான் என்றால் அந்த ஒரு லட்சம் டாலர் சராசரி அவனுக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எத்தனை ரியால், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனி தருகிறதா இல்லை 800 ரியால் படியாகத் தருகிறதா, சம்பளம் வங்கிக் கணக்கில் விழுமா, ஏஜென்ட் எவ்வளவு கேட்கிறார், இந்திய அரசின் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று விமான டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம், அதையும் அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.